ராம்நாட்ல குடும்பத்தோட சைனீஸ் சாப்பிட எப்புடி கடை பாத்துப் போறது?

கேணிக்கரைக்காரன்
மக்களே ஒரு ஹெல்ப். அக்கா பசங்க காலாண்டு லீவுக்கு கோயம்புத்தூர்லேர்ந்து வந்துருக்குதுக, வந்து எறங்குன அன்னைக்கே ஆரம்பிச்ச நூடுல்ஸ் புராணம் இன்னும் முடியல. ஞாயித்துக்கெழம ராத்திரி எல்லாரையும் கூட்டிட்டு டவுனுக்குள்ளயே எங்கயாச்சும் சைனீஸ் சாப்பிடலாம்னு இருக்கோம், விசேஷம்லாம் ஒண்ணுமில்ல, சும்மா ஒரு சாப்பாடு. ஆளு ஏழு பேரு. அதுல எங்க அத்தை சுத்த சைவம், மச்சானுக்கு அல்சர், காரம் ஆகாது, ஒண்ணேகால் வயசுல ஒரு வாண்டு வேற. பட்ஜெட் ரெண்டாயிரத்தத் தாண்டக் கூடாது. அரண்மனை, சாலைத்தெரு, பாரதி நகர், பட்டணம்காத்தான் எங்கிட்டுன்னாலும் சரி. பிரச்சன என்னன்னா இப்ப சைனீஸ்னு போர்டு போடாத கடையே இல்ல, பிரியாணிக் கடைல இருக்கு, பரோட்டாக் கடைல இருக்கு, ஜூஸ் கடைல கூட ஓரமா ஒரு சட்டிய வச்சு வதக்குறாய்ங்க. எத நம்பி உள்ள போறது?

மட்டுறுத்துநர்
கடை பேரு போடாமப் பேசுங்க. போன தடவ ரெண்டு கடைக்காரங்க ஆளு வச்சு மாத்தி மாத்திப் புகழ்ந்து கடைசில இழையையே பூட்ட வேண்டியதாப் போச்சு. எந்தப் பக்கம், எதப் பாத்துப் போகணும்னு சொன்னாப் போதும்.

சும்மாபடிப்பவன்
பேரு போடாம எப்புடிண்ணே வழி சொல்றது, மெடிக்கலுக்கு எதுத்தாப்ல இருக்க கடைன்னா ராம்நாட்ல நாப்பது கடை வரும்.

பாம்பன்காத்து
ஞாயித்துக்கெழமன்னு நாள் பாத்து வச்சது நல்லதாப் போச்சு தம்பி, யாரும் சொல்லிக் குடுத்தாங்களா தானா அமஞ்சதான்னு தெரியல. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி இந்த மூணு நாளுதான் கடலுக்குப் போகும், மத்த நாளு நாட்டுப்படகு. சனிக்கெழம போன படகு ஞாயிறு காலைல கரைக்கு வரும். அதனால ஸ்ட்ரைக்கு, காத்து எச்சரிக்கைன்னு எதுவும் இல்லாம இருந்தா ஞாயித்துக்கெழம இறாலு, கணவாய் ரெண்டும் அன்னைக்கு எறங்குனதாவே டவுனுக்கு வந்துரும். பெரிய சைஸ் எல்லாத்தையும் கம்பெனிக்காரன் அள்ளிருவான், அது ஏற்றுமதிக்கு. சின்ன சைஸுதான் ஊருக்கு மிஞ்சும், ஆனா ஃப்ரைட் ரைஸுக்கு அதுதான் ருசி.

கடைல போய் உக்காந்த உடனே கேளுங்க, இறால் கடல் இறாலா வனாமியான்னு. வனாமின்னா பண்ணைல வளக்குறது, அதுவும் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கேட்டா மறைக்காம சொல்றானா இல்ல பேய்முழி முழிக்கிறானான்னு பாத்துக்கங்க, அது போதும் கடையப் புரிஞ்சிக்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அப்ப விசைப்படகே போகாது, அந்த மாசத்துல "ஃபிரெஷ் ப்ரான்"னு மெனுல போட்டுருந்தா ஒண்ணு நாட்டுப்படகு இறாலு, இல்ல பண்ணை, அதுவும் இல்லன்னா ஐஸு.

வாணலிமாஸ்டர்
நான் மதுரைலயும் அப்பறம் சென்னைலயும் சைனீஸ் செக்ஷன்ல நின்ன ஆளு. இப்ப ஊர்ல சின்னதா கேட்டரிங் பாக்குறேன், அதனால எந்தக் கடைக்கும் வக்காலத்து கெடையாது. நான் எங்க சாப்பிடப் போனாலும் மெனுவ எடுக்க மாட்டேன், மொதல்ல அடுப்புப் பக்கம் நடந்து போயி ஒரு பார்வ பாத்துட்டுதான் உக்காருவேன். உள்ள விடலன்னா கூட சத்தம் கேக்கும்ல, ஹை பிரஷர் அடுப்பு உஸ்ஸுன்னு எரியணும், சட்டி காஞ்சு பொக எழும்பணும், அதுக்கப்பறம்தான் எண்ணெய். சைனீஸ்ங்குறதே அந்தத் தீதான் தம்பி. வீட்டு அடுப்புல அரமணி நேரம் வதக்கி எடுக்குற நூடுல்ஸு சேமியா உப்புமாதான்.

அடுத்தது சட்டில எவ்வளவு போடுறான்னு பாருங்க. ஒரு சட்டிக்கு ரெண்டு பிளேட்டு, மிஞ்சிப்போனா மூணு. அதுக்கு மேல கொட்டுனா சட்டி ஆறிப்போயி காய்கறி தண்ணி விட்டுரும், வறுபடாது, வேகும். நீங்க ஏழு பேரும் ஏழு ஃப்ரைட் ரைஸ்னு ஒரே மூச்சுல ஆர்டர் குடுத்தா மாஸ்டர் அத்தனையும் ஒரே சட்டில தட்டித் தள்ளிருவான், எவனும் அந்த நேரத்துல ரெண்டு ரெண்டாப் போட மாட்டான். அதனால ரெண்டு ரெண்டா சொல்லுங்க, வர வர பகுந்து சாப்பிடுங்க. சூடாவும் இருக்கும்.

மூணாவது மெனு. நூத்தம்பது ஐட்டம் அச்சடிச்சு லேமினேட் பண்ணி வச்சுருப்பாய்ங்க, பாத்தா பயமா இருக்கும். உள்ள போயிப் பாத்தா மூணே மூணு கிரேவி, ஒண்ணு செவப்பு, ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ள. செவப்புல பூண்டும் வரமொளகாயும் கூட்டிப் போட்டா செஷ்வான், சோயா கூடுனா மஞ்சூரியன், பச்ச மொளகாய கீறிப் போட்டு குடைமொளகாய சேத்தா சில்லி, வெள்ளைக்கு மேல முந்திரி தூவுனா ஹாங்காங்கு, மஞ்சப்பொடி மசாலாப்பொடி போட்டா சிங்கப்பூர். மெனு சின்னதா இருக்க கடைய எடுங்க, அவன் எது ஓடுதோ அத மட்டும் வச்சுருக்கான்னு அர்த்தம், சரக்கும் அன்னன்னைக்குத் தீந்துரும்.

நவபாசானம்
மாஸ்டரே அடுப்படிக்குள்ள போயிப் பாத்தா எவன் விடுவான். ஏசி கடைன்னா கதவுலயே ஸ்டாஃப் மட்டும்னு எழுதி வச்சுருக்கான்.

வாணலிமாஸ்டர்
அதுக்குத்தான் சொல்றேன், சட்டி கண்ணுக்குத் தெரியிற கடையாப் பாருங்கன்னு. கண்ணாடி போட்டு வெளில தெரியிற மாதிரி வைக்கிறவன் கொஞ்சம் துணிச்சலாத்தான் வைக்கிறான்.

கோழிவறுவல்
இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ஆராய்ச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் நிக்கிற வண்டிக்கடைல ஹாஃப் சிக்கன் நூடுல்ஸ் வாங்கி நின்னுக்கிட்டே சாப்பிட்டா வர்ற ருசி எந்த ஏசிலயும் வராது. காசும் பாதி.

கேணிக்கரைக்காரன்
ப்ரோ ருசிய நான் மறுக்கல, எங்க அத்தைய நிக்க வச்சு நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லிட்டு நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போறது.

உப்புக்காத்து
நான் ஆஸ்பத்திரில நர்ஸா வேல பாக்குறேன், அதனால நான் பாக்குறது வேற. மாஸ்டர் அண்ணன் சோத்தப் பத்தி சொல்லல, நான் சொல்றேன். ஃப்ரைட் ரைஸுக்கு ஆறுன சோறுதான் வேணும், சுடுசோறு போட்டா கொழஞ்சுரும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஆறுன சோறு எங்க எவ்வளவு நேரம் இருந்துச்சுங்குறதுதான் கேள்வி. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி, அரிசில இருக்க அதோட விதை கொதிக்க வச்சாலும் சாகாது, வடிச்ச சோத்த வெக்கையில மணிக்கணக்கா அப்புடியே வச்சா பெருகி வெஷத்த உண்டாக்கும், மறுபடி எவ்வளவு தீயில வறுத்தாலும் அந்த வெஷம் போகாது. 1970கள்ல இங்கிலாந்துல சைனீஸ் கடை ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டு வாந்தி எடுத்தவங்கள வச்சுத்தான் இத நல்லாக் கண்டுபுடிச்சாங்க. நம்ம ஊரு வெக்கைக்கும் பிசுபிசுப்புக்கும் சொல்லவே வேணாம். சாப்பிட்ட ஒரு மணியிலேர்ந்து அஞ்சு ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துரும்.

அதனால கூட்டம் ஓடுற கடைக்குப் போங்க, சோறு தங்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஃப்ரைட் ரைஸ் வேணாம், அந்த நேரத்துக்கு நூடுல்ஸ் வாங்கிக்கங்க.

வாண்டுக்கு ஒண்ணேகால் வயசுதானே, சோயா சாஸ் முழுக்க உப்பு, கிரேவி குடுக்காதீங்க. சாஸ் எதுவும் போடாம வெறும் சோறும் முட்டையும் வறுத்துத் தரச் சொன்னா எல்லாக் கடைலயும் தருவாங்க, இல்லன்னா வீட்டுலேர்ந்து ஏதாச்சும் எடுத்துட்டுப் போங்க.

வாணலிமாஸ்டர்
அக்கா சொல்றது சரி. நல்ல கடைல காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ரெண்டு வடி வடிப்போம். வடிச்ச உடனே தாம்பாளத்துல பரப்பி ஃபேன் போட்டு ஆத்தி, கொஞ்சம் எண்ணெய் தடவி, பிரிட்ஜுக்குள்ள போயிரும். ஒரே வடி வடிச்சு டப்பால மூடி வச்சு ராத்திரி வரைக்கும் ஓட்டுறவனும் இருக்கான்.

நவபாசானம்
எல்லாம் சரி, அஜினோமோட்டோவ விட்டுட்டீங்களே. எனக்கு சைனீஸ் சாப்பிட்டா மறுநாள் தலவலி கேரண்டி. அது இல்லாத கடை எதுன்னு சொன்னாப் போதும் எனக்கு.

உப்புக்காத்து
தலவலி வருதுன்னா அது உங்க உடம்பு, இல்லன்னு நான் எப்புடி சொல்லுவேன். ஆனா அஜினோமோட்டோன்னாலே வெஷம்ங்குற பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா 1968ல அமெரிக்க மருத்துவப் பத்திரிகைக்கு ஒரு டாக்டர் லெட்டர் எழுதுனாரு, சைனீஸ் கடைல சாப்பிட்டா கழுத்து மரத்துப் போவுது, நெஞ்சு படபடங்குதுன்னு, சோயாவா வைனா அஜினோமோட்டோவா உப்பா எதுன்னு தெரியலன்னுதான் எழுதுனாரு. ஊரு சேந்து மொத்தப் பழியையும் அஜினோமோட்டோ மேல போட்டுருச்சு. அதுக்கப்பறம் ஆளுக்குத் தெரியாம ஒரு பக்கம் அதயும் ஒரு பக்கம் சும்மா பொடியவும் குடுத்துப் பாத்த ஆராய்ச்சிகள்ல உறுதியா அதுதான் காரணம்னு வரல. அஜினோமோட்டோல இருக்க அதே குளூட்டமேட் தக்காளிலயும் இருக்கு. ஒரு வயசுக்குக் கீழ உள்ள கொழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

பாம்பன்காத்து
இதுல ஒரு கூத்து இருக்கு. அந்த அஜினோமோட்டோவ 1908ல கண்டுபுடிச்ச ஜப்பான்காரரு இகேடா, கொம்புன்னு ஒரு கடல்பாசியப் போட்டு வச்ச சாறுல என்ன இப்புடி ஒரு ருசி இருக்குன்னு ஆராஞ்சுதான் எடுத்தாரு. இங்க நம்ம மண்டபம், பாம்பன் பொம்பளைக மூங்கில் தெப்பத்துல கட்டி வளக்குற பாசி வேற ரகம், அதுலேர்ந்து கராஜீனன்னு கெட்டியாக்குற ஒரு பொருள எடுத்து ஐஸ்கிரீம், பல்லு வெளக்குற பேஸ்ட்டுக்கெல்லாம் போடுறாங்க. ஆக நவபாசானம் தம்பி ஐஸ்கிரீம் சாப்பிடுறப்ப நம்ம ஊரு பாசியத்தான் திங்கிறாரு.

நவபாசானம்
ஐஸ்கிரீம் சாப்பிட்டா எனக்குத் தலவலி வர்றதில்ல.

உப்புக்காத்து
கடைக்காரங்ககிட்ட அஜினோமோட்டோ போடாதீங்கன்னு சொன்னாப் போட மாட்டாங்க, அது கடைசில தூவுற பொடிதானே. நீங்க அதவிட பயப்பட வேண்டியது கலரு. சிக்கன் 65, கோபி மஞ்சூரியன் எல்லாம் ரத்தச் செவப்பா, தட்டுல எண்ணெய் வழிஞ்ச எடம் கூட ரோஸ் கலர்ல நின்னா தொடாதீங்க. 2024 பிப்ரவரில பஞ்சுமிட்டாய்ல ரோடமைன் பி இருக்குன்னு தமிழ்நாட்டுல தட போட்டாங்கல்ல, அடுத்த மாசமே கர்நாடகால கோபி மஞ்சூரியனுக்கும் கலர் போடக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. ரோடமைன் துணிக்குப் போடுற சாயம். காஷ்மீர் மொளகாத்தூள்ல வர்ற செவப்பு இப்புடி கண்ணப் பறிக்காது, கொஞ்சம் காவி கலந்துதான் இருக்கும்.

ஹாங்காங்_கீழக்கரை
அஸ்ஸலாமு அலைக்கும் காக்காமாரே. நீங்க பேசுற எதுவும் சைனீஸ் இல்ல, அத மொதல்ல ஒத்துக்கங்க. எங்க வாப்பா காலத்துலேர்ந்து ஹாங்காங்ல ரத்தினக் கல்லு வியாபாரம், அந்த ஊர்ல மஞ்சூரியன்னு கேட்டீங்கன்னா ஒரு ஆளுக்கும் தெரியாது. சிங்கப்பூர் நூடுல்ஸ்னு ஒண்ணு அங்க கெடைக்கும், அது சிங்கப்பூர்ல கெடைக்காது, ஹாங்காங் பக்கத்துச் சமையக்காரங்க மஞ்சப்பொடி, கறிப்பொடி போட்டு செஞ்ச மெல்லிசு அரிசி நூடுல்ஸ் அது. செஷ்வான்னு இவங்க சொல்றதுக்கும் சீனாவுல இருக்க செச்சுவான் மாகாணத்துச் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்ல, அங்க ஒரு மாதிரி மொளகு இருக்கு, வாயில போட்டா நாக்கு மரத்துப் போயி கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், அது இல்லாம செச்சுவான் இல்ல.

ஆனா நம்ம ஊருல செய்யக்கூடிய உண்மையான சைனீஸ் ஒண்ணு இருக்கு. ஒரு கொடுவா மீன், உயிரு போயி ரொம்ப நேரம் ஆகாதது, முழுசா கீறி இட்டிலிச் சட்டி மாதிரி ஆவில வச்சு எடுத்து, அதுல கட்டுன தண்ணியக் கீழ ஊத்திட்டு, மேல இஞ்சியும் வெங்காயத்தாளும் நூலு நூலா நறுக்கிப் போட்டு, எண்ணெயப் பொக வர்ற அளவுக்குச் சூடாக்கி அது மேல ஊத்துனா சர்ருன்னு ஒரு சத்தம், அப்பறம் ஓரமா கொஞ்சம் சோயா சாஸ். அவ்வளவுதான். கொடுவா நம்ம கடல்லயே இருக்கு. இத ஒரு கடைக்காரனும் செய்ய மாட்டேங்குறான், மசாலா தடவாம மீனக் குடுத்தா ஊரு சிரிக்கும்ங்குறான்.

பனைக்குளம்_கேஎல்
மச்சான், மஞ்சூரியன் சைனீஸ் இல்லன்னு சொல்லுங்க, ஆனா சீனாக்காரன் செஞ்சது இல்லன்னு சொல்லாதீங்க. கல்கத்தால தோல் பதனிடுற வேலைக்குன்னு வந்து டாங்ரால குடியேறுன ஹக்கா சனங்க இருந்தாங்க, அவங்க கைவழிதான் ஹக்கா நூடுல்ஸ். மஞ்சூரியனுக்குக் காரணம் நெல்சன் வாங், அவரும் கல்கத்தாவுல பொறந்த சீனக் குடும்பத்து ஆளு, 1975ல பம்பாய் கிரிக்கெட் கிளப்புல சமையல் பாத்தப்ப புதுசா ஏதாச்சும் செஞ்சு குடுங்கன்னு கேட்டவுங்களுக்கு பூண்டு இஞ்சி பச்சமொளகாய வதக்கி கரம் மசாலாவுக்குப் பதிலா சோயாவ ஊத்தி கான்ஃபிளவர் கரச்சு விட்டேன்னு அவரே சொல்லிருக்காரு. சீனாவுல இருக்க மஞ்சூரியாவுக்கும் அதுக்கும் தலைக்கும் காலுக்கும் ஒட்டு இல்ல, அது வேற. நான் இங்க மலேசியால ரெண்டு பக்கமும் பாக்குறேன், சீனன் கடை சார் குவே தியோவும், அதாவது பட்டை அரிசி நூடுல்ஸ் வறுவலும், நம்ம ஊரு ஆளுக கடை மீ கோரெங்ங்குற மஞ்ச நூடுல்ஸ் வறுவலும் பக்கத்துப் பக்கத்து எடம். மீ கோரெங்ல தக்காளி சாஸும் உருளைக்கெழங்கும் தவ்வும் போடுவாங்க, எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடுப்பாங்க. ஊருக்கு வர்றப்பல்லாம் யோசிப்பேன், மலேசியாவுல சட்டி புடிச்சுட்டுத் திரும்பி வந்தவங்க நம்ம பக்கத்துல இருக்காங்களே, அவங்க யாராச்சும் அந்த மீ கோரெங்க போட்டா கூட்டம் அள்ளும்னு.

கோழிவறுவல்
தவ்வுன்னா என்னண்ணே.

பனைக்குளம்_கேஎல்
சோயாப் பால்ல செய்யிற கட்டி, பன்னீர் மாதிரி. இங்க எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவோம்.

பாம்பன்காத்து
சைனாக்காரனுக்கும் நமக்கும் ஒறவு இன்னைக்கு நேத்தா. பெரியபட்டினத்துல 1980கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டுனப்ப கூட கூடையா சீனப் பீங்கான் ஓடு கெடச்சுச்சு, 13, 14ஆம் நூற்றாண்டுச் சாமான்னு சொல்றாங்க. தட்டு வந்துருக்கு, சாப்பாடுதான் வரல. இங்கேர்ந்து போனது கடல் அட்ட. நம்ம சனம் வாயில வைக்காது, அவன் அதத் தங்கம் மாதிரி வெல குடுத்து வாங்குவான். 2001லேர்ந்து அதப் புடிக்கவே தட, வன உயிரினச் சட்டம். இன்னும் கடத்துறாய்ங்க, மண்டபத்துல மாசா மாசம் புடிபடுது.

மட்டுறுத்துநர்
அண்ணே இழை பெரியபட்டினம் வரைக்கும் போயிருச்சு, கேணிக்கரைக்குத் திருப்புங்க.

சன்னதித்தெரு
நான் சொல்றேன், நான் ராமேஸ்வரம். எல்லாரும் இறால், கணவாய்னு எறங்கிட்டீங்க, அந்த அத்தைய யாரும் நெனச்சுப் பாக்கல. அசைவக் கடைல வெஜ் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தா சட்டி அதே சட்டி, கரண்டி அதே கரண்டி, பொரிக்கிற எண்ணெய் அதே எண்ணெய். கோழி பொரிச்ச எண்ணெயிலதான் கோபியும் பொரியும். அவுங்க அதெல்லாம் பாக்காதவங்கன்னா பிரச்சன இல்ல. பாக்குறவங்கன்னா எங்க ஊரு மாதிரி சைவ ஓட்டல்லயே சைனீஸ் போடுற கடைக்குப் போகணும். இங்க குஜராத்தி, மார்வாடி யாத்ரீகர் கூட்டம் வர்றதுனால வெங்காயம் பூண்டு இல்லாமக் கூட நூடுல்ஸ் போடுறாங்க, அது எப்புடி இருக்கும்னு கேக்காதீங்க, பக்தியில சாப்பிடுறது.

இன்னொண்ணு, சூப்பு. வெஜ் ஹாட் அண்ட் சோர்னு போட்டுட்டு கோழி வேகவச்ச தண்ணிய ஊத்துற கடை இருக்கு. ஸ்டாக்கு, அதான் சூப்புக்கு ஊத்துற வேகவச்ச தண்ணி, எதுன்னு கேளுங்க. ஆய்ஸ்டர் சாஸ்னு ஒண்ணு இருக்கே அது சிப்பியிலேர்ந்து எடுக்குறது, காளான் வதக்கல்ல அதப் போட்டுருவாங்க.

கேணிக்கரைக்காரன்
அத்தைகிட்ட கேட்டேன். "முட்டை கலக்காம, சட்டியக் கழுவிட்டுப் போட்டாப் போதும்டா, நீங்க எனக்காக எல்லாரும் கோபி திங்க வேணாம்"னு சொல்லிட்டாக. பெருந்தன்மை.

வாணலிமாஸ்டர்
அப்ப வேல சுலபம். அத்தையோடத மொத ஆர்டராக் குடுங்க. ஏழு ஏழரைக்குப் போயிருங்க, அந்த நேரம் சட்டி சுத்தமா இருக்கும், மாஸ்டரும் நிதானமா இருப்பான். எட்டரைக்கு மேல பார்சல் ஆர்டர் குவிய ஆரம்பிச்சா ராசாவே வந்தாலும் தனிச்சட்டி கெடைக்காது. எண்ணெயில பொரிச்சது அத்தைக்கு எதுவும் சொல்லாதீங்க, வதக்குன ஐட்டமா சொல்லுங்க, வெஜ் நூடுல்ஸ், பேபி கார்ன் வதக்கல் இந்த மாதிரி.

மச்சானுக்கு வெள்ள கிரேவி, வெள்ள மொளகுத்தூள் கம்மியா. சில்லி, செஷ்வான் பக்கமே போக வேணாம், வெனிகரும் வேணாம்னு சொல்லிருங்க, புளிப்பு அல்சர்க்காரனுக்கு எரிச்சலக் கெளப்பும்.

ஏழு பேருக்கு ஆளுக்கு ஒரு பிளேட்டு சொல்லாதீங்க, மிஞ்சும். மூணு சோறு, ரெண்டு நூடுல்ஸ், ஒரு டிரை, ஒரு கிரேவி போதும். கடல் ஐட்டம் கணவாய் எடுங்க. கணவாய வச்சு ஒரு மாஸ்டர எடை போட்டுரலாம், கோழி எவன் செஞ்சாலும் வரும்.

கேணிக்கரைக்காரன்
போயிட்டு வந்தாச்சு. பாரதி நகர் பக்கம், ஏசி இல்ல, கண்ணாடி போட்ட சமையக்கட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச மெனு. உக்கார்றதுக்கு முன்னாடி மாஸ்டர் அண்ணன் சொன்ன மாதிரி கண்ணாடிகிட்ட நின்னு பாத்தேன். ஒல்லியா ஒரு தம்பி, தலைல துணி கட்டிருந்தான். ஒரு ஆர்டர் எறக்குன உடனே பக்கத்து டிரம்முலேர்ந்து ஒரு மக்கு தண்ணிய மொண்டு காஞ்ச சட்டியில வீசுனான், அது பொங்கி எழுந்துச்சு, மூங்கில் குச்சிக் கட்டு ஒண்ண வச்சு ஒரு சொழட்டு சொழட்டி தண்ணிய ஓரத்துல இருந்த குழியில சரிச்சுட்டு மறுபடி தீ மேல வச்சான், ஈரம் போயி பொக வர்ற வரைக்கும் எதுவும் போடல. மூச்சு விடுற நேரம் கூட ஆகல. ஒவ்வொரு ஆர்டருக்கு நடுவுலயும் அதே. அத்தைகிட்ட கூட்டிட்டுப் போயி காட்டுனேன், "இதுக்கு மேல என்னத்தக் கழுவுறது"ன்னு சொல்லிட்டாக.

இறால் கடல் இறாலான்னு கேட்டேன். ஃப்ரைட் ரைஸ்ல போடுறது வனாமி, கணவாய் இன்னைக்குக் காலைல மண்டபத்துலேர்ந்து வந்ததுன்னு பளிச்சுன்னு சொன்னாங்க. கணவாய் பெப்பர் சால்ட் எடுத்தோம், பல்லுல கடிச்சா நறுக்குன்னு அறுபடுது, ரப்பர் இல்ல. பசங்க அதத் தொடவே மாட்டேன்னுதுக, கடைசில அவங்க அம்மா தட்டுலேர்ந்து களவாண்டு தின்னுதுக. கோபி மஞ்சூரியன் கேட்ட பய ஒருத்தனுக்கு கலர் போடாம வந்துச்சு, வெளுத்துப் போயிருக்குன்னு மூஞ்சத் தூக்கிட்டான், தின்னு முடிச்சுட்டுத்தான் எறக்குனான். மச்சானோட வெள்ள கிரேவி மட்டும் சொமாரு, கான்ஃபிளவர் கூடிப்போயி ஆறுனதும் ஆடை கட்டிருச்சு, பசை மாதிரி. வாண்டுக்கு சும்மா முட்டை சோறு, அதுக்கு பாதி காசுதான் போட்டாங்க. பில்லு ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம். பேரு தனிமடல்ல கேட்டா சொல்றேன், மட்டுறுத்துநர் அண்ணன் கோவிச்சுக்குவாரு.

நவபாசானம்
தனிமடல் அனுப்பிருக்கேன். அஜினோமோட்டோ போட்டாங்களா?

கேணிக்கரைக்காரன்
கேக்கல ப்ரோ. தலவலி வரல.

ஹாங்காங்_கீழக்கரை
அந்தத் தம்பிகிட்ட ஆவில வேகவச்ச கொடுவா செய்வானான்னு கேட்டீங்களா?

கேணிக்கரைக்காரன்
கேட்டேன். மீனு நீங்க வாங்கிட்டு வாங்க, மொத நாளே சொல்லுங்க, செஞ்சு தர்றேன், மசாலா இல்லன்னு அப்பறம் கொற சொல்லக் கூடாதுன்னான்.

ஹாங்காங்_கீழக்கரை
ஆளு கெடச்சுட்டான். டிசம்பர்ல ஊருக்கு வர்றேன், கடை பேர இப்பவே அனுப்புங்க.

உப்புக்காத்து
வாணலி அண்ணே, அந்தக் கணவாய் ரப்பர் ஆகாம எடுக்குறது எப்புடின்னு கொஞ்சம் சொல்லுங்களேன். வீட்டுல செஞ்சா செருப்புத் தோல் மாதிரி வருதுன்னு எங்க வீட்டுக்காரர் பேச்சு தாங்கல.

வாணலிமாஸ்டர்
ஊசிக்கணவாய் வாங்குங்க, ஓட்டுக்கணவாய் தடிப்பு, அது கொழம்புக்கு. தோலை உரிச்சு, உள்ள இருக்க கண்ணாடி எலும்ப உருவிட்டு, குழலா இருக்கத நீள வாக்குல கீறி விரிச்சு உள்பக்கமா குறுக்கும் நெடுக்குமா லேசா கோடு போடுங்க, அறுந்துறக் கூடாது. துணியில ஈரத்த ஒத்தி எடுங்க, இதத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க, ஈரம் இருந்தா சட்டியில தண்ணி விட்டு வேகும். கான்ஃபிளவர், உப்பு, மொளகுத்தூள் பொரிக்கிறதுக்குச் சற்று முன்னாடி பெரட்டுனாப் போதும், பெரட்டி வச்சுட்டு சீரியல் பாக்கப் போயிறாதீங்க. எண்ணெய் நல்லாக் காயணும். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, சுருண்டு வெளுத்த உடனே எடுத்துருங்க, ஒரு நிமிசம், ஒண்ணர நிமிசம், அதுக்கு மேல வச்சா போச்சு. தனியா வேற சட்டில பூண்டு, பச்சமொளகா, வெங்காயத்தாள் ஒரு பெரட்டு பெரட்டி அடுப்ப அணைச்சுட்டு அதுல கணவாயக் கொட்டிக் குலுக்குங்க. ஒருவேள ஒண்ணர நிமிசத்தத் தாண்டிருச்சுன்னா பயந்து எடுத்துறாதீங்க, தண்ணிய ஊத்தி முக்கா மணி நேரம் வேக விட்டுருங்க, மறுபடி மெதுவா ஆயிரும், அப்ப அத மசாலாக் கறியா மாத்திக்கலாம்.